மூன்று நாட்டுக்கு ஒரு கோழி

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் தொடங்கியது. சுவிஸ் நாட்டுத் துன் நகரில் ஒரு ஹோட்டல் சமையலறை. தலைமைச் சமையற்காரன் பத்திரிகையை விரித்து வாசித்துக் காட்டினான். பக்கத்துப் பன்னிரண்டு நாடுகளுக்கும் பொதுவாக ஒரு காசு இருக்கிறதாம். ஆனால் அது கணக்கில்தான் இருக்குமாம், கையில் பிடிக்க ஏலாதாம். எல்லோரும் வியந்து தலையாட்டினார்கள். கோப்பை கழுவிக்கொண்டிருந்த கனகரத்தினம் மட்டும் சிரித்தான். அப்படி ஒரு காசை அவனும் கூட்டாளிகளும் போன வருடமே உண்டாக்கிவிட்டார்கள். அதற்கு இறகு வேறு இருந்தது.

எழுதுகிறவன் அப்போது பக்கத்தில் சட்டி உரஞ்சிக்கொண்டு நின்றான். முப்பது வயது தாண்டித்தான் அவன் எழுத்துக் கூட்டினான். ஆகையால் இதில் சொல் குறைவாகவும் உரஞ்சல் கூடுதலாகவும் இருக்கும்.

2

முதல் தொடக்கம்: 'ஓகஸ்ட் வெயிலில் துன் ஏரி நீலப்பட்டு விரித்தாற்போல...' வேண்டாம். அந்தச் சமையலறை யன்னல் குப்பைத் தொட்டியைப் பார்த்துத்தான் இருந்தது.

இரண்டாவது: 'எண்பத்தேழாம் ஆண்டில் ஐரோப்பிய அகதிகளின் பொருளாதார நிலையை ஆராயுமிடத்து...' இதை எழுதி முடிக்குமுன் எழுதுகிறவனுக்கே கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாவது, நேரே விஷயம்: கனகரத்தினத்தின் மனைவி சிவமலர் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். அவளைக் கூட்டிவரும் ஏஜென்சிக்காரன், ஓகஸ்ட் பதினைந்தாம் திகதிக்குள் காசு வரவேண்டும், தவறினால் அவள் இடத்தில் வேறொருத்தி ஏறுவாள் என்று சொல்லிவிட்டான். கனகரத்தினத்துக்கு அந்தக் காசு கிடைக்க ஒரே வழி சீட்டு.

3

சீட்டுப் பிடித்தறியாதவர்களுக்கு: எல்லோரும் மாதாமாதம் ஒரு தொகை போடுவார்கள். அவசரக்காரன் இவ்வளவு கழிவு என்று கூறி மொத்தத்தையும் எடுப்பான். கழிவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள்.

இந்தச் சீட்டில் ஆட்கள் சுவிசிலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்தார்கள். மார்க்கில் வைப்போம் என்றால் பாரிசுக்குக் கோபம், பிராங்கில் என்றால் ஸ்டுட்கார்ட்டுக்குக் கோபம். அப்போது கனகரத்தினம்தான் வழி சொன்னான்.

"கோழியிலை வைப்பம். எந்த நாட்டிலை இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வாங்கிறது கோழிதானே. அவனவன் தன்ரை நாட்டுக் கோழி விலையைப் போடட்டும்."

கோழி தோலோடா, தோலில்லாமலா? ஈரல் சேர்த்தா, தனியா? இதைத் தீர்க்கத் தொலைபேசியில் பல ஞாயிறு போயிற்று. பன்னிரண்டு நாட்டு மந்திரிமாரும் இதைவிடக் குறைவாகவே கத்தியிருப்பார்கள். பாரிஸ்காரன் அந்தோனிதாஸ் காசு போடும்போது மெலிந்த கோழியையும், வாங்கும்போது கொழுத்த கோழியையும் கணக்கில் எடுத்தான். கேட்டால், "பாரிசிலை கோழியள் உடம்பைக் கவனிக்குதுகள் மச்சான், நான் என்ன செய்ய?"

[இங்கே நாணயக் கொள்கை பற்றி எழுதுகிறவன் எழுதிய ஒரு பந்தி இருந்தது. கிழித்து அடுப்புத் துடைத்தாயிற்று.]

4

காசில் ஒரு பழுது இருந்தது. அது தவக்காலத்தில் வெளிப்பட்டது. மன்னார் வேதக்காரனான அந்தோனிதாஸ், "உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் மச்சம் மாமிசம் தொடமாட்டன், வாயாலை பேர் சொல்லவும் மாட்டன்" என்று நின்றான். சீட்டு நின்றது. அதற்கு முன்னின்று ஆதரவு கொடுத்தவன் கனகரத்தினம். "ஒருத்தன்ரை விரதத்தை மதிக்க வேணும்" என்றான். அப்போது அவனுக்கு அவசரம் இல்லை.

உலகத்தில் விரதம் பிடித்த காசு அது ஒன்றுதான்.

5

ஓகஸ்ட் பிறந்தது. கனகரத்தினம் துன் ஸ்டேஷன் தொலைபேசிக் கூண்டிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு எடுத்தான். அங்கே சீட்டு நடத்துகிறவர் நித்தியானந்தன்.

"அண்ணை, கழிவு கூறப்போறன். முப்பது கோ..."

"நிப்பாட்டு. நல்லூர்க் கந்தனுக்குக் கொடி ஏறீட்டுது. தீர்த்தத் திருவிழா வரைக்கும் இருபத்தைஞ்சு நாளும் அந்தப் பேரை வாயிலை எடுக்கேலாது."

"ஊர் கிடக்கிற கிடையிலை கொடி ஏறினதோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

"இஞ்ச ஏறீட்டுது."

"அப்ப வெறும் முப்பது எண்டு எழுதுங்கோவன்."

"முப்பது என்ன? வெறும் எண்ணை எழுதித்தானே போனமுறை பாரிசோடை அடிபட்டது. தீர்த்தம் முடியக் கூறு."

"அதுக்கிடையிலை சிவமலரின்ரை இடம் போயிடும் அண்ணை."



"மாசியிலை நீதானே சொன்னனி, ஒருத்தன்ரை விரதத்தை மதிக்க வேணுமெண்டு."

"விரதமில்லாத ஆள் ஆரும் சொன்னால்?"

"அது என்ரை காதிலை விழுந்தால் நான் என்ன செய்யிறது. எழுதத்தான் வேணும். ஆனால் நீ சொல்லேலாது. நீயும் கொடிக்கு விரதமெல்லோ."

நித்தியானந்தனைக் கெட்டவனாக்கினால் கதை நன்றாக ஓடும். எழுதுகிறவன் முயன்றும் பார்த்தான். மீசை கூட வைத்துப் பார்த்தான். ஆனால் கனகரத்தினம் சுவிசுக்கு வருமுன், செருப்போடு ஸ்டுட்கார்ட்டில் வந்து இறங்கிய பனிக்காலத்தில், தன் ஒரே சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தவர் அவர்தான். அவருடைய அந்த வெறுங்கால்களை வைத்துக்கொண்டு ஆளைக் கெட்டவனாக்க முடியவில்லை.

6

சீட்டில் கொடி விரதம் இல்லாத ஒரே ஆளைத் தேடிக் கனகரத்தினம் பாரிசுக்கு எடுத்தான்.

"அந்தோனி, நீ வேதக்காரன். உனக்குக் கொடி இல்லை. ஸ்டுட்கார்ட்டுக்கு எடுத்து எனக்காக ஒருக்கால் அந்தச் சொல்லைச் சொல்லு."

"மடு மாதா பெருநாளுக்கு மச்சம் விட்டு நேர்த்தி வைச்சிருக்கிறன் மச்சான். பதினைஞ்சு கழியச் சொல்லுறன்."

"பதினைஞ்சு கழிஞ்சால் எனக்கு என்னத்துக்கு?"

"மாதாவிட்டைக் கேட்டுப் பாக்கட்டோ?"

"கேள். மெலிஞ்சதோ கொழுத்ததோ எண்டும் கேட்டு வை."

கனகரத்தினமே விரதத்தை முறித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவன் விரதம் பிடித்ததே சிவமலர் சுகமாக வந்து சேரவேண்டும் என்றுதான். முறித்துவிட்டுக் காசை அனுப்பினால், வழியில் அவள் ஏறிய விமானம் ஒரு குலுக்குக் குலுக்கினாலும் அந்தப் பழியை அவன் தன் நாக்கின்மேல்தான் போடுவான்.

7

முடிவுகள்.

ஒன்று: தலைமைச் சமையற்காரனைக் கூண்டுக்குக் கூட்டிப்போகிறான். அவன் வாயில் கோழி 'புலே' என்றுதான் வருகிறது. "அது சுவிஸ்காரற்றை சாமான், எங்கடை காசில்லை" என்கிறார் நித்தியானந்தன். சமையற்காரன், ஒரு கோழிக்காகவா ஜெர்மனிக்குப் போன் எடுத்தாய் என்று கேட்கிறான். பிறகு அவன் கனகரத்தினத்தைப் பார்க்கிற பார்வையே வேறு.

இரண்டு: கொடிக்காலம் முடியும்வரை காசைக் கத்தரிக்காய்க்கு மாற்றுவது. ஒரு கோழிக்கு எத்தனை கத்தரிக்காய் என்ற பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது. பாரிஸ்காரன் சின்னக் கத்தரிக்காய் கேட்கிறான்.

மூன்று: சிவமலர் கொழும்பிலிருந்து தானே ஸ்டுட்கார்ட்டுக்கு எடுத்து, "அண்ணை, நான் கோழியோ, ஆளோ?" என்று... இல்லை. லொட்ஜ்காரன் தொலைபேசியைப் பூட்டி வைத்திருக்கிறான். அவளுக்கு இந்தக் கூத்து ஒன்றும் தெரியாது. ஏறப்போகிறேன் என்று பெட்டி கட்டி வைத்துவிட்டாள்.

ஆகையால் பதினான்காம் திகதி. பின்னேரம். கூண்டு. கனகரத்தினம் கடைசிக் குற்றிக் காசையும் போட்டாயிற்று.

"ஆரும் கிடைச்சினமோ?" என்று நித்தியானந்தன் கேட்கிறார். அவர் குரலும் அவ்வளவு நன்றாக இல்லை. பேனையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

எழுதுகிறவன் சொல்லலாமே என்பீர்கள். அவனும் சீட்டில் ஓராள், அவனும் விரதம். அதனால்தான் இவ்வளவையும் வாய் திறக்காமல் எழுதினான். நீங்களும் இதுவரை மனதுக்குள்தான் வாசித்து வந்தீர்கள். அது ஸ்டுட்கார்ட்டுக்குக் கேட்காது.

இன்றைக்கு உங்களுக்கு விரதம் இல்லையென்றால், கனகரத்தினம் தொலைபேசி வாங்கியை உங்கள் பக்கமாக நீட்டுகிறான். முப்பது என்று அவன் சொல்லிவிட்டான். மிச்சம் ஒரு சொல்தான். வாய்விட்டு.