இரண்டாவது மூட்டை

விடியும் முன்பே லாரியை ஒட்டி வரிசை நின்றுவிடும். மேலே நின்று சிமெண்ட் மூட்டையைத் தூக்கி ஒவ்வொருவர் தலையிலும் வைப்பது என் வேலை. ஒரு மூட்டை ஐம்பது கிலோ. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முதலாளி சொன்ன நாளிலிருந்து ஒன்றின்மேல் இன்னொன்று. கழுத்து நரம்பு புடைக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடங்குக்குள் நடப்பார்கள். அந்த இரண்டாவது மூட்டையை வைத்த பாவி நான்தான்.

வரிசையில் என் அக்கா புருஷனும் இருந்தார். மூன்று மாதமாக மச்சானுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. டீ கிளாஸ் கைநழுவும், நடை தள்ளாடும். "காலையிலேயே ஊத்திட்டாரு" என்று கேலியை ஆரம்பித்துவைத்தவன் நான். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவைத்தார். வேலை முடிந்ததும் எங்கள் வழக்கப்படி அவர் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கழுத்தில் சொடக்கெடுப்பதும் நானே. சத்தம் வந்தால் வலி போச்சு என்று நம்புகிற கூட்டம் நாங்கள்.

போன வாரம் மூட்டையோடு விழுந்தார். குடித்திருந்தாரா என்று முதலாளி கேட்டதும், வேலை போய்விடும் பயத்தில் ஆமாம் என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்ததில், மச்சானுக்குக் கழுத்தெலும்பு மூட்டுகள் தேய்ந்து, எலும்பு துருத்தி, உள்ளே போகும் தண்டுவடத்தை நெரிக்கிறதாம். அதனால்தான் தள்ளாட்டம் என்றார் டாக்டர். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் நடை அடியோடு போய்விடும். செய்தாலும் போனதெல்லாம் திரும்பாது. இந்தக் கழுத்தைத் திருகவே கூடாது என்று அவர் சொன்னபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஆபரேஷன் செலவுக்கு நீ பேசினா முதலாளி கேப்பாருடா" என்றாள் அக்கா. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் காலை லாரிமேல் நின்றே முதலாளியிடம் சொன்னேன். "மச்சான் குடிக்கல. நான் எழுதிக் கொடுத்தது பொய். ஆபரேஷன் செலவை நீங்கதான் ஏத்துக்கணும்."

"அன்னிக்குச் சொன்னதும் நீ, இன்னிக்கு மாத்திச் சொல்றதும் நீ. எதை நம்பறது? மூட்டையைத் தூக்கு."

"தூக்க மாட்டேன்."

"அப்ப எறங்கு. வேற ஆள் வருவான்."

வரிசையின் முதல் ஆளான நெட்டையன் கையை நீட்டினான். விரல்கள் நடுங்கின. "எனக்கும் மரத்துப்போகுது. குடிகாரன்னு சிரிப்பாங்களேன்னு சொல்லல." முதலாளியைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துச் சொன்னான்.

பின்னாலிருந்து இன்னொருவர், "எனக்கும்தான்" என்றார். நெட்டையன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக வரிசை முழுவதும் உட்கார்ந்தது. முதலாளி வேறு ஆட்களுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

நான் இறங்கிப்போய்த் தயங்கி நின்றேன். நெட்டையன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன். இப்ப உக்காரு."