திரும்பும்போது மட்டும் சுடுகிறது

டிஃபரன்ஷியல் பெட்டியின் மேல் மெக்கானிக் ஓர்மூர் எச்சில் துப்பினான். அது சுர்ரென்று பொரிந்து ஆவியாகிப் போனது.

“மூணு வாரமா இதே கூத்து,” என்றான், பனிவண்டிக்கு அடியில் மல்லாந்தபடியே. “போறப்போ எப்படி இருந்துச்சு, ஸ்டெய்ன்தோர்?”

“போறப்போ ஜில்லுன்னுதான் இருந்துச்சு.”

“வர்றப்போ மட்டும் கொதிக்குது. இது வண்டியா, இல்ல மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வர்ற புருஷனா?”

ஸ்டெய்ன்தோர் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை.

ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில், மலை மூடிவிட்டால் அந்த ஊருக்கு இந்தப் பனிவண்டியை விட்டால் வேறு நாதியில்லை. பால், தபால், பிரசவத்துக்குப் போகிறவள், சவப்பெட்டியில் திரும்பி வருகிறவன் எல்லாம் இதில்தான். பதினெட்டு வருஷமாக ஓட்டுவது ஸ்டெய்ன்தோர் ஒருவன்தான். வண்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு பிடிகள்தான். இடது பிடியை இழுத்தால் டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் ஒரு பட்டை இடப்பக்கச் சங்கிலித் தடத்தின் ஓட்டத்தை இறுக்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். பிடியை விட்டால் நேரே போகும். விடாமல் தொங்கிக்கொண்டே இருந்தால் பட்டை உரசி உரசி எண்ணெய் கொதித்துவிடும்.

இது ஓர்மூருக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் ஓட்டியவன் நேற்றுப் பழக வந்தவன் மாதிரி பிடியில் தொங்குவான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதனால் எண்ணெயை இரண்டு முறை மாற்றினான். பட்டைகளைத் தளர்த்தினான். இரண்டு பக்கச் சங்கிலித் தடங்களையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டு வந்தான். திரும்பும்போது சாமான் அதிகம், பாரம்தான் காரணம் என்று ஒரு வாரம் சாதித்தான். எல்லாம் வீண். ஊர் வாய்க்குப் பூட்டு ஏது? ஓர்மூருக்குக் கைப்பதம் போயிடுச்சு என்று கடையில் பேசிக்கொண்டார்கள்.

காரணம் ஸ்டெய்ன்தோருக்குத் தெரியும். நவம்பரிலிருந்து அவன் இடது கண்ணில் நட்டநடுவே ஒரு புகை. மலையில் வானமும் தரையும் ஒரே வெள்ளை. பள்ளத்தின் விளிம்பையொட்டி நட்டிருக்கும் கம்புகள்தான் பாதை. போகும்போது அவை வலப்பக்கம், நல்ல கண் பார்த்துக்கொள்ளும். திரும்பும்போது இடப்பக்கம். பக்கத்தில் போனால்தான் கம்பு தெரிகிறது. ஆகவே இடது பிடியை இழுத்து ஒட்டிப் போவான். திடீரென்று கம்பு முகத்துக்கு நேரே முளைக்கும். சட்டென்று வலது பிடியை இழுப்பான். இருபத்தாறு கிலோமீட்டரும் இதே பாடு. சொன்னால் அன்றோடு டிரைவர் சீட்டு போய்விடும். அந்தச் சீட்டை விட்டால் தான் யார் என்று அவனுக்கே தெரியாது.

வியாழக்கிழமை கூட்டுறவுக் கடை மேனேஜர் பால்டூர் கொட்டகைக்கு வந்தார்.

“சனிக்கிழமை விடுதிப் பள்ளிப் பிள்ளைங்க ஏழு பேரைக் கூட்டிட்டு வரணும். உன்னால முடியலேன்னா சொல்லிடு ஓர்மூர், ரேக்யவிக்கிலேர்ந்து ஆள் வரவழைக்கிறேன்.”

ஓர்மூரின் காது சிவந்தது. ஏழு பேரில் ஒருத்தி அவன் மகள் ஸ்வாலா.

“நாளைக்கு நானே கூடப் போய்ப் பாக்குறேன்,” என்றான்.

வெள்ளிக்கிழமை வெறும் வண்டியோடு போனார்கள். போகும்போது ஸ்டெய்ன்தோர் ஓட்டினான். மலைக்கு அந்தப் பக்கத்தில், சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக் காபியை உறிஞ்சிக்கொண்டே ஓர்மூர் சொன்னான்: “வர்றப்போ நான் ஓட்டுறேன். காதுல கேக்காதது கையில தெரியும்.”

ஸ்டெய்ன்தோர் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தான். திரும்பும் வழியெல்லாம் ஓர்மூர் பிடிகளை விரலால் தட்டிக் கொடுத்தே ஓட்டினான். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. கொட்டகைக்குள் நிறுத்தியதும் அடியில் புகுந்து, கையுறையைக் கழற்றிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். பெட்டி ஜில்லென்று இருந்தது, கை அங்கேயே இருந்தது. வெளியே வந்தபோது அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஸ்டெய்ன்தோரின் இடப்பக்கமாக வந்து நின்று ஒரு ஸ்பானரை நீட்டினான்.

“இது எத்தனாம் நம்பர்?”

ஸ்டெய்ன்தோர் முழுத் தலையையும் திருப்பினான். திருப்பிய பிறகுதான், கண்ணைச் சோதிக்கிறான் என்று உறைத்தது.

“எப்போலேர்ந்துடா?”

“நவம்பர்.”

“அடப்பாவி! மூணு வாரமா நான் மண்டைய உடைச்சுக்கிட்டேன். பாத்துக்கிட்டே நின்னியே!”

அதற்குள் பால்டூர் வந்துவிட்டார். “என்னப்பா, கண்டுபிடிச்சாச்சா?”

ஓர்மூர் ஒரு கணம் ஸ்டெய்ன்தோரைப் பார்த்தான். “பட்டைதான். நான்தான் தப்பா வச்சிருந்தேன். சரி பண்ணிட்டேன்.”

பால்டூர் உதட்டைச் சுழித்துக்கொண்டு போனார்.  இப்படி ஒரு சிநேகிதனுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று ஸ்டெய்ன்தோர் நினைத்தான்.

“நாளைக்கு ஸ்வாலா வர்றால்ல?” என்று கேட்டான்.

“வர்றா.”

“என்னை நம்பி ஏத்துவியா?”

ஓர்மூர் ஸ்பானரைத் துடைத்தான். துடைத்து முடித்ததையே மறுபடி துடைத்தான். 

ஸ்டெய்ன்தோர் வாசலுக்குப் போய், எதிரே கடை ஜன்னல்களில் ஆட்கள் நிற்பது தெரிந்தும், சத்தமாகவே கூப்பிட்டான். “பால்டூர்! அவன் பொய் சொல்றான். பெட்டியில ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் இடது கண்ணு போச்சு. நாளைக்கு ஓர்மூர் ஓட்டட்டும்.”

சொல்லிவிட்டான், ஆனாலும் மனசு முழுதாக ஒப்பவில்லை. இன்று ஓடியது வெறும் வண்டிதானே? பாரம் ஏறினால் யார் ஓட்டினாலும் சுடுமோ என்னவோ. அப்படிச் சுட்டால் தப்பு கண்ணுடையது மட்டும் இல்லை என்று ஆகும்.

சனிக்கிழமை, ஏழு பிள்ளைகளும் மூட்டைகளும் பால் கேன்களுமாக வண்டி நிறைந்து திரும்பியது. ஓர்மூர் ஓட்டினான். ஸ்டெய்ன்தோர் பின்னால், பெட்டிக்கு நேர் மேலே இருக்கும் தகரத் தரையில் உட்கார்ந்து, கையுறை இல்லாத கையை ஊன்றியிருந்தான்.

“ஏன் கீழ உக்காந்திருக்கே ஸ்டெய்ன்தோர்?” என்று கேட்டாள் ஸ்வாலா.

“சூடாகுதான்னு பாக்குறேன்.”

“ஆகுதா?”

“இன்னும் ஆகல.”

அவள் தன் வெண்ணெய் தடவிய உலர் மீனில் பாதியைக் கொடுத்தாள். அதை இடது கையில் வாங்கிக்கொண்டான், வலது கையை எடுக்கவில்லை. இறக்கம் வந்தது. ஊரின் விளக்குக் கம்பங்கள் வந்தன. கொட்டகைக் கதவு வந்தது. தகரம் கடைசிவரை சுடவே இல்லை.