தண்ணீர்மேல் ஊரும் மூன்று புதுச் சட்டைகளும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஆம்பூர் பேருந்து நிலையத்தில் சமீருல்லா பாய் எனக்குச் சொன்னது. கதை நாயகன் கன்னியப்பனோடு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்த தோஸ்த் அவர். முக்கால்வாசி சொல்லியிருந்தபோது குடியாத்தம் பஸ் வந்துவிட்டது. பாய் ஏறினார், முடிவும் அவரோடு ஏறிவிட்டது. காலி டீ கிளாசோடு நான் நின்றேன்.

2

முதல் தொடக்கம்: 'பாலாற்றங்கரையில் அந்தி சாய்ந்துகொண்டிருந்தபோது கன்னியப்பன்—'

வேண்டாம். அது ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. கன்னியப்பன் பனியனோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். பாலாறு அந்த வீட்டிலிருந்து தூரம்.

இரண்டாம் தொடக்கம்: கன்னியப்பன் ஒரு பொய்யன்.

இது பரவாயில்லை. ஆனால் ஒரே ஒரு பொய்தான். பதினாறு வருஷத்துக்கு முன்னால், புது மெஷினை ஓட்டப் பழகிக்கொண்டு வா என்று அவனுடைய டேனரி அவனை எட்டு நாள் இத்தாலிக்கு* அனுப்பியது. போன இடமும் டேனரி. தங்கியது டேனரிக்குப் பின்னால். ஜன்னலைத் திறந்தால் டேனரி. ஊர் திரும்பிய அன்று மனைவி கோவிந்தம்மாள் தெருவையே வாசலில் கூட்டி வைத்துக்கொண்டு, "இன்னாய்யா பாத்த?" என்று கேட்டாள். ஏரோப்ளேன் ஏறிப் போய் டேனரியைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று எந்த ஆம்பூர்க்காரன் சொல்வான்?

"வெனிசு" என்றான். "தண்ணிமேலயே ஊரு. மூணு நாள் படகுலயே சுத்துனேன்."

சாட்சிக்கு, விமான நிலையத்தில் வாங்கிய பொம்மைப் படகு. இன்றும் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

(* நான் இத்தாலி போனதில்லை. சென்னையைத் தாண்டியதில்லை. பிழை இருந்தால் டிவியைக் கேளுங்கள்.)

3

அந்த ஞாயிறு டிவியில் வெனிஸ் வந்தது.

"ஏய்யா, உன் ஊரு!" கோவிந்தம்மாள் கீரைத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். "எந்தப் பாலத்தாண்ட படகு ஏறுன?"

"அது… அந்தாண்ட."

"எந்தாண்ட?"

"கேமராக்காரன் அந்தப் பக்கம் காட்டல."

"படகுக்காரன் பேரு இன்னா? போன தீவாளிக்கு அந்தோணின்ன. அதுக்கு முன்ன மார்க்கோன்ன."

"ரெண்டு படகு."

('அவன் நெற்றியில் வியர்வை முத்துக்கள்' என்று எழுதி அடித்துவிட்டேன். வியர்வை அக்குளில்தான் வந்தது.)

தெரு சிரித்தால் சிரிக்கட்டும், அது அவனுக்குப் பெரிதில்லை. இவள் இனிமேல் தன் எந்தப் பேச்சையும் நம்பாமல் போய்விடுவாளோ என்பதுதான் பயம்.

4

டிவிக்காரி ஒரு கடையில் தொங்கிய கைப்பையை எடுத்து, இந்தத் தோல் எங்கிருந்து வருகிறது, போய்ப் பார்ப்போமா என்று கிளம்பினாள். அடுத்து ஒரு சின்ன ஊர். ஒரு டேனரி. தோல் ஊறும் பெரிய மர டிரம்கள் சுழன்றன.

கன்னியப்பன் எழுந்து நின்றுவிட்டான்.

"அதோ! இப்ப இடது பக்கம் திரும்புவா பாரு. ஒரு செவப்பு பெஞ்சு இருக்கும். கால் ஒடஞ்சி செங்கல் முட்டுக் குடுத்திருப்பாங்க. டெய்லி சாயங்காலம் அதுலதான் குந்தினு இருப்பேன்!"

அவள் இடது பக்கம் திரும்பினாள். பெஞ்சு இருந்தது. பச்சை அடித்திருந்தார்கள். செங்கல் அப்படியே இருந்தது.

"ஐயே, பெயிண்ட மாத்திட்டானுங்க" என்று சிரித்தான். அப்புறம்தான், தன் வாயால் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது.

5

இங்கேதான் குடியாத்தம் பஸ் வந்தது. இனி என் பாடு.

முடிவு ஒன்று: கோவிந்தம்மாள் பொம்மைப் படகைத் தூக்கி அடிக்கிறாள். எழுதிப் பார்த்தேன். பிளாஸ்டிக், உடையவில்லை.

முடிவு இரண்டு: அவள் கண்கள் குளமாகி—

இல்லை. அவளை எனக்கு இதற்குள் கொஞ்சம் தெரியும்.

முடிவு மூன்று:

"தெரியும்யா" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னா தெரியும்?"

"உன் பெட்டியப் பிரிச்சவ நானு. போறப்ப மூணு புதுச் சட்ட வச்சி அனுப்புனேன். வர்றப்ப மூணும் டேனரி நாத்தம். மூணு தபா ஊறவச்சும் போவல. படகுல சுத்துனவன் சட்டையாய்யா அப்படி நாறும்?"

"அப்பவே கேக்கறதுதான?"

"கேட்டா நிறுத்திடுவ. அந்தப் படகுக்காரன் பாடினே செருப்ப தண்ணில வுட்டான்னு சொல்லுவ பாரு, அத எவன் சொல்லுவான் அவ்ளோ சோக்கா?"

'பதினாறு வருஷத்துப் பாரம் இறங்கியது' என்று எழுத எனக்குக் கை அரிக்கிறது. அவன் செய்தது, தொப்பென்று உட்கார்ந்து, பனியனைத் தூக்கி வயிற்றுக்குக் காற்று வாங்கியது. பிறகு சிரித்தான். அவளும்.

6

கோவிந்தம்மாள் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"சரி, சொல்லு. படகா, பெஞ்சா? எதுனா ஒண்ணு."

கன்னியப்பன் வாயைத் திறக்கிறான்.

பாயின் ஃபோன் நம்பர் என்னிடம் இருக்கிறது. கேட்கப்போவதில்லை. எட்டுச் சாயங்காலம் அந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அவன் யாரை நினைத்தான் என்பதா, தண்ணீரில் விழுந்த செருப்பா, நீங்களே அவன் வாயில் வையுங்கள். யோசித்துச் சொல்லலாம். இரண்டு கட்டு கீரை; இப்போதுதான் முதல் கட்டைப் பிரித்திருக்கிறாள்.