இரண்டு இரைச்சல்

எத்தனை பேருக்குத்தான் 'சரி' சொல்லியிருக்கிறேன்! கல்யாணத்துக்குச் சரி, ஏரியூருக்கு வந்து குடியிருக்கச் சரி. அந்தச் சொல்லுக்காக யாராவது காத்திருந்தார்களா? இந்த மனுஷன் ஒருத்தர்தான் காத்திருந்தார், இதே ரேடியோப் பெட்டிக்கு முன்னால்.

காசியம்மாள் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் பெங்களூர் புரொபசரோடு பேசிக்கொண்டிருந்த புருஷன் தீர்த்தனைப் பார்த்தாள்.

யுத்தத்தில் வயர்லெஸ் வேலை பார்த்த தீர்த்தன் பர்மாவிலிருந்து திரும்பியபோது, குண்டுச் சத்தம் அவன் காதில் பாதியைத் தின்றிருந்தது. பட்டாளத்து ரேடியோ ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து, கடலைக்காட்டில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தான்.

"உங்கூட்டுக்காரரு மேகத்துக்குத் துணி காயப்போடறாரா?" என்று சிரித்தாள் பக்கத்துக் காட்டு ராமக்கா.

நட்சத்திரக் கூட்டத்திலிருந்து வரும் இரைச்சலின் வலுவை அளக்க வேண்டும் அவனுக்கு. ஸ்விட்சை இந்தப் பக்கம் தள்ளினால் வானம் கேட்கும். அந்தப் பக்கம் தள்ளினால் பெட்டிக்குள் சூடேறிய கண்ணாடி வால்வின் இரைச்சல். இரண்டும் காதுக்கு ஒன்றாகும்வரை வால்வின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அப்போது மீட்டர் முள் காட்டுவதுதான் அளவு. எப்போது ஒன்றாகிறது என்பது அவன் காதுக்குப் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிபட்டது.

அந்த முதல் மார்கழி! பட்டப்பகலில், பால்வீதி தலைக்கு மேலே இருக்கிறது என்பான். அவளுக்கு வெயில்தான் தெரியும். ஆனால் காதில் முறத்தில் கேவுரு புடைக்கிறாற்போல ஓயாத ஒரு சத்தம். குமிழைத் திருப்பிக்கொண்டே அவள் முகத்தையே பார்த்திருப்பான்.

"ஆச்சா, புள்ள?"

"இருங்க, அடுப்புல பாலா பொங்குது?"

ஒன்றானது தெரிந்த பிறகும், "இன்னொரு தரம் பாத்துருவோம்" என்பாள். அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை.

போன மாதம் புரொபசருக்கு எழுதி அனுப்பிய அளவே இன்றைக்கு அவர் முன்னாலும் வந்தால், தீர்த்தனுக்கு அவர் காலேஜில் வேலை. ஆனால் காலையில் பார்த்தபோதெல்லாம் முள் அதைத் தாண்டித்தான் நின்றது. ஏனென்று அவனுக்கும் புரியவில்லை.

"போன மாசம் மீட்டர்ல போட்ட கோட்டுக்கு முள்ளு வந்ததும் சரின்னுடு. ஒரே வார்த்த, புள்ள," என்று சமையல்கட்டுக்கே வந்து கெஞ்சியிருந்தான்.

புரொபசர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அவள் ஹெட்போனை மாட்டினாள். தீர்த்தன் குமிழைத் திருப்பினான். முள் ஏறிக் கோட்டைத் தொட்டது. அவன் கை நின்றது. ஸ்விட்சை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தாள். வானம்தான் இன்னும் ஒரு பிடி கூடுதலாக இரைந்தது. நிமிர்ந்தாள். அவன் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஆகலீங்க," என்றாள் மெதுவாக. "திருப்புங்க."