வெட்டிப் பார்க்க முடியாத கேக்

ஐஸ் வண்டி ஓட்டும் ஜெரோம், தன் மகள் சிநேகாவின் கல்யாணக் கேக்கை ஆதியம்மாள்தான் செய்ய வேண்டும் என்று சொன்னபோது கடப்பாக்கத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீன் விற்கிறவளுக்குப் பழக் கேக்கா? அவள் புருஷன் பக்தவச்சலமும் சிரித்தான், ஆனால் பெருமையில். மகளிர் குழுவில் கற்றுக்கொண்டு வந்து, போன கிறிஸ்துமஸுக்கு அவள் செய்த கேக்கில் முக்கால்வாசியைத் தின்றவன் அவன்தான். மிச்சத்தைத் தின்றவன் ஜெரோம்.

ஆனால் வீட்டில் தின்கிற கேக் வேறு, சபை நடுவே கத்தி வைக்கிற கேக் வேறு. பொண்ணும் மாப்பிள்ளையும் வெட்டும்போது பொலபொலவென்று உதிர்ந்தால், சம்பந்தி வீட்டார் முன்னால் ஜெரோம் தலைகுனிய வேண்டும். நம்பிக் கொடுத்த மனுஷன். அதை நினைத்து பக்தவச்சலத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆதியம்மாள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள்.

அவளிடம் கரண்ட் அடுப்பெல்லாம் கிடையாது. பெரிய அலுமினியக் குண்டானில் மணல் கொட்டி, சூடேற்றி, டின்னை உள்ளே வைத்து மூடிச் சுடுவாள். முதல் ஒத்திகைக் கேக் சித்திரை மாசத்து ஏரி மாதிரி மேலே வெடித்துக் கிடந்தது.

"இன்னாமே இது?" என்றான் பக்தவச்சலம்.

"தீ ஜாஸ்தியாப் பூட்ச்சி. உள்ள மாவு எழும்பறதுக்கு முன்னாடி மேல்தோலு இறுகிக்கிச்சி. அப்பால அது எங்க போவும்? கிழிச்சிகினு வருது."

இரண்டாவதற்குத் தீயைத் தணித்தாள், டின்னுக்குள் இரண்டு சுற்றுக் காகிதம் கொடுத்தாள். மேலே ஒரு கீறல் இல்லை. பக்தவச்சலத்துக்குத்தான் பொறுக்கவில்லை. ஆவி பறக்கப் பறக்கக் கத்தியை வைத்தான். துண்டு வரவில்லை, தூள்தான் வந்தது. திராட்சையெல்லாம் தரையில் உருண்டது.

அவள் கோபப்படவில்லை. தூளை விரலால் நசுக்கிப் பார்த்தாள். "ஊற வெச்ச பழத்த ஈரத்தோட போட்டுட்டேன். முட்டையும் ஒண்ணு பத்தல. அது என் தப்பு. சூட்டுல வெட்னது உன் தப்பு." இப்படி நியாயம் பிரிக்க ஊர்ப் பஞ்சாயத்தில் ஆள் கிடையாது என்று அவன் மனசார நினைத்துக்கொண்டான்.

மூன்றாவதுதான் கல்யாணக் கேக். பழத்தை வடிகட்டி, துணியில் ஒற்றி, மாவில் புரட்டிப் போட்டாள். முட்டையைக் கூட்டினாள், வெண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. வெந்த பிறகும் டின்னிலேயே ஆறவிட்டு, காகிதம் சுற்றி, எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிவிட்டாள். ஒரு வாரம் இறுகட்டும் என்றாள்.

அவன் அந்தத் தூக்கைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஓரமா ஒரே ஒரு துண்டு வெட்டிப் பாப்பமே?"

"வெட்டுனா அப்பால அது எச்சில் கேக்கு."

"இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சி அத வெட்டு."

"அது உதிரலன்னா இதுவும் உதிராதுன்னு எவன் சொன்னது? கம்னு கெட."

உதிருமா உதிராதா என்று தெரியாமலேயே இருவரும் கல்யாணம் நடக்கிற செங்கல்பட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் கையை நீட்டித் தூக்கைப் பிடித்தான். மடியில் கேக்கை வைத்துக்கொண்டு அவள் மீன் ஏலத்துக்குப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். இந்தத் துணிச்சலில் பாதி தனக்கு இருந்திருந்தால் என்னவெல்லாமோ சாதித்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

மண்டபத்தில் ஜெபம் முடிந்தது. சிநேகாவும் மாப்பிள்ளையும் சேர்ந்து கத்தியைப் பிடித்தார்கள். பக்தவச்சலம் கேக்கைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கத்தி இறங்கியது. இன்னொரு முறை இறங்கியது. ஜெரோமின் மனைவி ஜாய்ஸ் தட்டை நீட்ட, துண்டு அப்படியே முழுசாக வந்து நின்றது. வெட்டு முகத்தில் செர்ரிப் பழம் பாதியாக அறுபட்டுப் பளபளத்தது. ஒரு துணுக்குகூடச் சிந்தவில்லை.

மண்டபம் கை தட்டியது. அவனும் தட்டப் போனான், வலது கை மேலே வரவில்லை. குனிந்து பார்த்தான். ஆதியம்மாள் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நகம் சதையில் இறங்கியிருந்தது. கண்களை இறுக மூடியிருந்தாள்.

"உதிர்ந்துச்சாய்யா?" என்று கேட்டாள்.

இத்தனை நாளும் இந்தப் பயத்தை வைத்துக்கொண்டா இவள் தன்னைக் கம்மென்று கிடக்கச் சொன்னாள்?

"கண்ணத் தொறந்து பாருமே," என்றான்.