ஒன்பது பத்து

பொலிஸார் கேட்காத தாளைத் தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் கமலாசனிதான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அந்தக் கிணற்றை அவள் தன் கையாலேயே வெட்டினாள்.

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கொம்பியூட்டர் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அந்த வேலைக்கு வந்தபோது அங்கே ஓர் அறை முழுக்க அடைத்துக்கொண்டு, துளையிட்ட அட்டைகளைத் தின்னும் பழைய மெஷின் நின்றது. பிறகு வெளிநாட்டு உதவியில் மேசையளவில் ஒரு யுனிக்ஸ் வேர்க்ஸ்டேஷன் வந்தது. அங்கேயே மேற்படிப்புப் படித்த தம்பி விவேகானந்தனுக்கு அதன்மேல் பைத்தியம். அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பனி ஒன்றின் ஆட்கள், ஒருவரும் சீண்டாமல் கிடந்த மெஷினொன்றில், அதை இயக்க இந்த யுனிக்ஸை எழுதத் தொடங்கிய கதையைச் சோறு ஆறும்வரை சொல்வான். அக்காவும் நூறாவது தடவையாகக் கேட்பதுபோலக் காட்டிக்கொள்ளாமல் கேட்பாள்.

தொண்ணூற்றாறு ஜூனில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மார்ச் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை காலை, கலகெதரப் பக்கம் மின்மாற்றி ஒன்று குண்டில் சிதறியிருந்தது. கண்ணாடி போட்ட தமிழ்ப் பொடியனைக் கண்டதாக யாரோ மூன்று மாதம் கழித்துச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டில் கண்ணாடி போட்ட தமிழ்ப் பொடியன் அவன் ஒருவன்தானே!

அந்தச் சனிக்கிழமை அவன் அக்காவிடம் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு வந்து, மெஷினுக்கு முன்னால் தனியாகத்தான் இருந்தான். கண்ட மனிதர் இல்லை. ஆனால் மெஷின் கண்டது. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது போனார் என்பதை எழுதி வைப்பது அதன் வழக்கம். அது நினைவுக்கு வந்ததும் கமலாசனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அச்சடித்தாள். பெயரும் திகதியும் கண்டதும் கண் நிறைந்துவிட்டது. மணியை ஆர் பார்த்தது? கையொப்பம் போட்டு, பிரிவின் முத்திரையும் குத்தி, சட்டத்தரணியிடம்கூடச் சொல்லாமல் பொலிஸுக்கு ஓடினாள்.

மறுநாள் சட்டத்தரணி சாஹுல் ஹமீது அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"மிஸ், என்னக் கேக்காம ஏன் குடுத்தீங்க? குண்டு வெடிச்சது எட்டு இருபத்தஞ்சுக்கு. ஒங்கட தாள்ல தம்பி ஒம்பது பத்துக்கு உள்ள வந்தீக்கார். கலகெதரயிலேந்து வர முக்கா மணித்தியாலம் காணும். வச்சிட்டு நேரா இங்க வந்தீக்கார் என்டுறாங்க."

"இல்லை சேர்! அவன் எட்டு மணிக்கெல்லாம் மெஷினுக்கு முன்னாலை இருந்தவன்!" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது.

மே மாதம், மின்சாரம் போதவில்லை என்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. யுனிக்ஸ் மணி வைத்திருப்பதில்லை. எழுபதாம் ஆண்டு பிறந்ததிலிருந்து கடந்த விநாடிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். நாம் கேட்கும்போது லண்டன் நேரத்தோடு ஐந்தரையைக் கூட்டி இலங்கை நேரம் சொல்லும். கமலாசனி அந்த ஐந்தரை வரியை அழித்து ஆறரை என்று மாற்றினாள். அவ்வளவுதான் வேலை. மெஷினோ பழைய நாட்களுக்கும் ஆறரையையே கூட்டியது. எட்டுப் பத்துக்கு வந்த தம்பி ஒன்பது பத்துக்கு வந்தவனானான்.

அழுதுகொண்டே திரும்ப ஐந்தரையைப் போட்டு அச்சடித்தாள். எட்டுப் பத்து என்று சரியாகச் சொல்லும் இரண்டாவது தாளை எடுத்துக்கொண்டு ஹமீதுடன் பொலிஸுக்குப் போனாள். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே மெஷின், ஒரே முத்திரை, ஒரே அக்கா. சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

ஹமீது அவள் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்: "இது பழைய நேரம் என்டு சொல்றீங்களாம். பழைய நேரத்த இப்ப வச்சீக்கிறது வன்னியில புலி மட்டுந்தானே என்டு கேக்கிறார்."

"மார்ச்சிலை முழு நாடும் அந்த நேரத்திலைதானே இருந்தது! அவரும்தானே இருந்தவர்!"

ஹமீது அதையும் மொழிபெயர்த்தார். அதிகாரி இரண்டாவது தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். முதல் தாள் வழக்குக் கோவைக்குள் போனது.

அன்று தம்பியைப் பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது, கண்ணாடி இல்லை. நடந்ததை அவள் சொல்லி முடித்ததும் கேட்டான்:

"அக்கா, நேரம் மாத்தேக்கை பழைய வரியை அழிச்சுப்போட்டியளோ?"

"ஓமடா."

"பழசை விட்டிட்டு, கீழை புதுசா ஒரு வரி எழுதச் சொன்னனான் எல்லே."

"கரண்ட் போகப்போற நேரமடா. கெதியா முடிப்பம் எண்டு..."

"சரி விடுங்கோ," என்றான். திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அந்த 'விடுங்கோ'வை அவளால் இன்றுவரை விட முடியவில்லை.

ஒக்டோபரில் அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. கமலாசனி கதவைச் சாத்திவிட்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மே வரை ஐந்தரை, ஒக்டோபர் வரை ஆறரை, அதற்குப் பிறகு ஆறு. தம்பி சொன்னபடி ஒரு வரியையும் அழிக்காமல் எழுதினாள். பிறகு மார்ச் ஒன்பதைக் கேட்டாள். எட்டுப் பத்து என்றது. திரும்பவும் கேட்டாள். எட்டுப் பத்து.

விவேகானந்தனைக் கொழும்புக்குக் கொண்டுபோய் அப்போது நாலு மாதம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஹமீதுக்கும் தெரியவில்லை. அவன் போன இடத்துக்கெல்லாம் அவனுடைய கோவையும் போயிருக்கும். அதில் ஒன்பது பத்து என்று இருக்கிறது. கீழே அக்காவின் கையொப்பமும் இருக்கிறது.