மிச்சமிருந்த சீனி

1
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: நிவேதனாவோடு வேலை செய்த அந்த ஒரு வருடத்துக்குள் இன்னொருமுறை போய்வரத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "நீர்வேலித் தங்கமுத்து அம்மாவின் கிடாய்க்கு வீரியம் போதாமல் இருந்தது."

(பொய். வெட்டிவிட்டேன். ஆனாலும் கிடக்கட்டும், நீங்களும் பாருங்கள்.)

2
ஆட்டுக் கிடாய்களின் விந்தைச் சோதிக்கும் சின்ன ஆய்வுகூடம். ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். விந்தணு நீந்துவதற்குச் சீனி வேண்டும். பழத்தில் இருக்கிற அதே சீனி, விந்துக்குள்ளேயே இருக்கிறது. ஆடு கொண்டுவரும் எல்லோருக்கும் நிவேதனா இதைச் சலிக்காமல் விளங்கப்படுத்துவாள். நான் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அது ஒரு மார்கழிக் காலை. தங்கமுத்து அம்மா தன் கிடாயைக் கொண்டுவந்திருந்தார். எடுத்த விந்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைக்கவேண்டியவன் நான். குழாயை ஈர மேசையில் வைத்துவிட்டு அவளோடு கதைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவள் உடுத்திருந்த

(வேண்டாம்.)

நுணுக்குக்காட்டியில் ஒன்றுமே அசையவில்லை.

"அப்ப உவனாலை என்ன பிரயோசனம்? இறைச்சிக்குக் குடுக்கிறன்," என்ற தங்கமுத்து அம்மா, கிடாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

3
நிவேதனாவுக்கு மனம் கேட்கவில்லை. மிஞ்சிய விந்தில் சீனியை அளந்தாள்.

"றஞ்சித், சீனி அப்பிடியே கிடக்கு. தின்ன ஆளில்லை. எடுத்த கையோடையே செத்திருக்குதுகள். கிடாயிலை பிழையில்லை, குளிர் பட்டிருக்கு."

"நான்தான்..."

"தெரியும். மோட்டார்சைக்கிளை எடும்."

4
இந்த இடத்தில் கிடாயை ஒரு தடவை எழுத்தில் கொன்று பார்த்தேன். கதை கனத்தது, அடுத்து வருவதைச் சொல்லாமல் நான் தப்பித்தேன். அதனால் அதையும் வெட்டினேன்.

நடந்தது இதுதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிடாய் தங்கமுத்து அம்மா வீட்டு முற்றத்தில் பலாக்குழை தின்றுகொண்டு நின்றது. நான் வாய் திறக்குமுன் நிவேதனா சொன்னாள்:

"அம்மா, பிழை என்னிலை. நான்தான் குளிர விட்டிட்டன். நாளைக்கு ஒருக்காக் கொண்டு வாங்கோ."

"படிச்ச பிள்ளையெண்டு நம்பி வந்தன். கொஞ்சத்திலை என்ரை கிடாயைக் கொல்லப் பாத்தீரே!"

நான் மோட்டார்சைக்கிளைத் திருப்பி நிறுத்தப் போய்விட்டேன்.

மறுநாள் நுணுக்குக்காட்டிக்குள் அத்தனையும் அலையடித்து நீந்தின. "இஞ்சை பாரும், இஞ்சை பாரும்" என்று அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அடுத்த வருடம் மாற்றலாகி மட்டக்களப்புக்குப் போனாள்.

5
சுன்னாகம் சந்தையில் தங்கமுத்து அம்மாவை இப்போதும் காண்கிறேன். அந்தக் கிடாயின் குட்டிகள் ஊர் முழுக்க நிற்கின்றனவாம். நேற்றும் கேட்டார்:

"தம்பி, அந்தக் கவனமில்லாத பிள்ளை இப்ப எங்கை?"

"அம்மா, அண்டைக்கு..." என்று தொடங்கினேன்.

இதற்கு அடுத்த வாக்கியத்தை ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் வெட்டியிருக்கிறேன். உங்களிடம் தருகிறேன். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள், அவளை மட்டும் கவனமில்லாதவள் என்று விட்டுவிடாதீர்கள்.